அறிஞர் அஸீஸ் ஆர் எண்டு எங்கட பெடியளுக்கு எப்பிடிச் சொல்லுறது?

வண்ணைரீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில ஒரு பாடசாலையில வரலாறு படிப்பிக்கிறன். வாற மாதம் சர்வமத நல்லிணக்க விழா எண்டு ஒண்டு வைக்கினம். உங்களுக்குத் தெரியும்தானே எப்பிடி நடக்கும் எண்டு. ஐயர், பாதர், மௌலவி, பிக்கு நாலு பேரும் குத்துவிளக்கு ஏத்துவினம். நாலு பிள்ளையள் நாலு விதமா உடுத்திக்கொண்டு கை கோத்து நிப்பினம். பிறகு வடை, தேத்தண்ணி. இந்த முறை எனக்குப் பதினைஞ்சு நிமிஷம் பேசக் கிடைச்சிருக்கு.

முஸ்லிம் கல்வியாளர் ஏ. எம். ஏ. அஸீஸைப் பற்றிப் பேசலாம் எண்டு நினைச்சன். 1911 ஒக்டோபர் 4, வண்ணார்பண்ணையில பிறந்தவர். எங்கட பாடசாலையில இருந்து சைக்கிளில போற தூரம். வகுப்பில கேட்டுப் பாத்தன், அறிஞர் அஸீஸ் ஆர் எண்டு. ஒரு கை எழும்பேல்லை. பின்வாங்கில இருந்த ஒருத்தன் மட்டும் "பாகிஸ்தான் ரீமில போலிங் போட்டவரோ ரீச்சர்?" எண்டான்.

பிறந்தார், படிச்சார், பட்டம் பெற்றார், இறந்தார் எண்டு வாசிச்சா பிள்ளையள் நித்திரை ஆயிடுவினம். எதைப் பிடிச்சுக் கதைக்கலாம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


ஐஞ்சுசந்தி எழுதியது:

ரீச்சர், அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் ரெண்டும். நான் சோனகதெரு ஆள், யாழ்ப்பாணத்தில முஸ்லிம் சனம் இருக்கிற இடம். இப்ப திரும்பி வந்து கடை போட்டிருக்கிறன்.

நீங்கள் அவர் எங்கே படிச்சவர் எண்டதில இருந்து தொடங்குங்கோ. மற்றதெல்லாம் அதுக்குள்ள இருக்கு. முதலில ஓதுற பள்ளி. பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயம், அது இராமகிருஷ்ண மிஷன் நடத்தின பள்ளிக்கூடம். பிறகு யாழ் இந்துக் கல்லூரி. அவற்ற வாப்பா அபூபக்கர் புரொக்டரா (வக்கீலா) இருந்தவர், நகரசபையிலயும் இருந்தவர். வசதியான குடும்பம். பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கலாம், மிஷன் கல்லூரிக்கும் விட்டிருக்கலாம். சைவப் பள்ளிக்கூடத்துக்குத்தான் விட்டவர்.

அது அந்தக் காலத்தில ஒரு புதினமும் இல்லை. என்ட வாப்பாவும் ஒரு சைவப் பள்ளிக்கூடத்திலதான் படிச்சவர். காலமை தேவாரம் பாடேக்க எழும்பி நிப்பாராம். கை கூப்பு எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நேரத்தோட விட்டிடுவினமாம். சாகும்வரைக்கும் "தோடுடைய செவியன்" முழுக்கப் பாடமா வைச்சிருந்தவர். அஞ்சு நேரமும் தொழுத மனுசன் அது.

நல்லிணக்கம் எண்ட சொல்லை அவர் வாயில நான் கேட்டதே இல்லை.


கனடாக்காகம் எழுதியது:

இவர்தானே தமிழ்த் தலைவர் சேர் பொன். இராமநாதனோட மோதினவர்? சோனகர், அதாவது முஸ்லிம்கள், தமிழர்தான் எண்டு இராமநாதன் சொல்ல, இல்லை எண்டு புத்தகம் எழுதினவர்? அப்பிடிப் பாத்தா யாழ்ப்பாணத்தில இவரைப் பற்றிப் பேசுறது கொஞ்சம் சிக்கல்தான்.


பழையசோக்கட்டி எழுதியது:

கனடாத் தம்பி, அது வேறு அஸீஸ். இந்தக் குழப்பம் ஐம்பது வருடமாக இருக்கிறது. நான் படிப்பித்த காலத்திலேயே விடைத்தாளில் திருத்தியிருக்கிறேன்.

இராமநாதன் சட்டசபையில் அந்தக் கருத்தைச் சொன்னது 1885இல். கட்டுரையாக வந்தது 1888இல். அதற்கு மறுப்பு எழுதி 1907இல் வெளியிட்டவர் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், கொழும்பில் இருந்தவர். அந்த மறுப்பு வரும்போது நம்முடைய அஸீஸ் பிறக்கவே இல்லை.

ஆனால் ரீச்சர், இந்தப் பிழையைப் பேச்சில் பாவிக்கலாம். ஒரு அஸீஸ், இராமநாதனுக்கு மறுப்பு எழுதி முஸ்லிம்கள் தனி இனம் என்று வாதாடினார். இரண்டாவது அஸீஸ் அந்தத் தனித்துவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தன் சமூகத்தை வேறு ஆளாகவே கண்டார், அதற்காகவே உழைத்தார். ஆனால் தமிழ் எங்கள் மொழி என்பதையும் விடவில்லை. நாங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். அவர் குழப்பவில்லை.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு. பிறகு கேம்பிரிட்ஜ். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குள் போனார். அந்தச் சேவையில் முதலாவது முஸ்லிம் அவர்தான். 1942இல், யுத்தகாலத்தில், கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பினார்கள். அரிசித் தட்டுப்பாடு, உணவு உற்பத்திதான் வேலை. காணி, நெல், வாய்க்கால் என்று திரிந்தார். அங்கேதான் சுவாமி விபுலாநந்தரோடு நெருங்கிப் பழகினார். சுவாமியின் ஊரான காரைதீவு கல்முனைக்குப் பக்கத்து ஊர் அல்லவா. கிழக்கில் முஸ்லிம் பிள்ளைகள் வயலுக்குப் போவதும் பள்ளிக்கூடம் போகாததும் அவர் கண்ணில் பட்டது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தொடங்கியதற்கு வேர் அதிலே இருக்கிறது. காசில்லாததால் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையின் படிப்பு நிற்கக்கூடாது என்பதுதான் நோக்கம்.

1948இல் சிவில் சேவையை விட்டுவிட்டு மருதானை ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபராக வந்தார். 1961 வரை இருந்தார்.


கனடாக்காகம் எழுதியது:

திருத்தினதுக்கு நன்றி மாஸ்ரர். முழங்காலில நிக்க வைக்காமல் விட்டதுக்கும் நன்றி.

ஆனா ஒண்டு. சிவில் சேவிசை விட்டிட்டு வாத்தியாரா வந்தவரோ? எங்கட ஊரில சிவில் சேவிஸ் மாப்பிள்ளை எண்டா சீதனத்துக்கு வயலும் வளவும் காணாது, கொழும்பில வீடும் வேணும். அதை விட்டிட்டு வந்தா சனம் விசர் எண்டுதான் சொல்லும். ரீச்சர், பெடியள் நித்திரை கொள்ளாத இடம் இதுதான். அவையள் எல்லாருக்கும் வீட்டில "கவர்மென்ட் வேலை, கவர்மென்ட் வேலை" எண்டு மந்திரம் ஓதுப்படுது.


மாளிகாவத்தை எழுதியது:

எனது மாமனார் ஸாஹிராவில் அவர் காலத்து மாணவர். ஆகவே கொஞ்சம் சொல்லலாம்.

அவருக்கு முன்பு அதிபராக இருந்தவர் டி. பி. ஜாயா. 1921 முதல் 1947 வரை. மலாய் சமூகத்தவர். கல்லூரியைப் பெயர் பெற்ற இடமாக்கியது அவர். அஸீஸ் வந்தபோது ஸாஹிரா ஏற்கனவே நிமிர்ந்து நின்றது. அதனால் அவர் வெறும் கட்டடம் கட்டும் அதிபராக இருக்கத் தேவைப்படவில்லை.

முஸ்லிம் கல்லூரிதான். பள்ளிவாசல் வளவுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அவர் காலத்தில் அங்கே தமிழுக்கு இருந்த இடம் இருக்கிறதே! பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியை எடுங்கள். கரவெட்டி ஆள். ஸாஹிராவில் படித்தார். பல்கலைக்கழகம் முடித்துத் திரும்பி வந்து அதே ஸாஹிராவில் படிப்பித்தார். வடமராட்சிச் சைவக் குடும்பத்துப் பிள்ளை, இடதுசாரி வேறு, முஸ்லிம் கல்லூரி ஆசிரியர் அறையில்! அஸீஸ் மீது அவர் வைத்திருந்த மதிப்பு வாழ்நாள் முழுக்க இருந்தது.

மாமனார் சொல்வார்: வகுப்பில் யார் எந்த ஊர், யார் எந்த மதம் என்பது பெயர் கூப்பிடும்போது மட்டும்தான் தெரியும், மற்ற நேரம் தமிழ் வாத்தியாருக்குப் பயப்படுவதில் எல்லோரும் ஒரே சாதி.


வண்ணைரீச்சர் எழுதியது:

இது நல்லா இருக்கு! வண்ணார்பண்ணை முஸ்லிம் பெடியன் ஒருத்தர் சைவப் பள்ளிக்கூடத்தில படிச்சார், பிறகு கரவெட்டிச் சைவப் பெடியன் ஒருத்தருக்கு முஸ்லிம் பள்ளிக்கூடத்தில இடம் குடுத்தார். வாங்கின கடனைத் திருப்பிக் குடுத்த மாதிரி. இதையே பேச்சா வைக்கப் போறன்.


தில்லையடி எழுதியது:

ரீச்சர், பேச்சு நல்லாத்தான் வரும். எல்லாரும் கை தட்டுவாங்க. நான் ஒரு கேள்வி கேக்கிறன், கோவிக்க வேணாம். உங்கட பேச்சில 1990 வருமா?

நான் புத்தளத்தில பிறந்தவன். உம்மாவும் வாப்பாவும் யாழ்ப்பாணம். ஒக்டோபர் 30ஆம் திகதி, முஸ்லிம்கள் எல்லாரும் ரெண்டு மணித்தியாலத்தில வெளியில போகோணும் எண்டு புலிகள் சொன்னாங்க. நகையும் காசும் வாங்கி வெச்சிட்டு அனுப்பினாங்க. வடக்கு முழுக்க ஏறக்குறைய 75,000 பேர். உம்மாக்கு அப்ப 19 வயசு. அவங்க ஓஎல் சேட்டிபிகேட் அந்த வீட்டு அலுமாரியில கிடந்தது. அதுக்குப் பிறகு அவங்க படிக்கல்ல. தென்னோலைக் கொட்டிலில இருந்துகொண்டு என்னத்தைப் படிக்கிறது.

அஸீஸ் பிறந்த தெருவில 1990 நவம்பரில ஒரு முஸ்லிமும் இல்லை. அதைச் சொல்லாம, அந்தக் காலத்தில நாங்க எவ்வளவு ஒற்றுமையா இருந்தம் எண்டு மட்டும் சொன்னா, அது எனக்கு வெள்ளை அடிக்கிற வேலையாத்தான் படும்.


நல்லூரான் எழுதியது:

தம்பி, எல்லாருக்கும் நடந்தது. எங்களுக்கு, தமிழருக்கு, கலவரம், போர், இடப்பெயர்வு எண்டு 83, 87, 95, 2009 கணக்கு இருக்கு. 95இல வலிகாமமே ஒரு இரவில செம்மணிப் பாலத்தால நடந்தது. நல்லிணக்க விழாவில போய்ப் புண்ணைக் கிளறினா அது நல்லிணக்கமோ? பதினைஞ்சு வயசுப் பிள்ளையளுக்கு இதையெல்லாம் ஏன் சொல்லுவான்?


ஐஞ்சுசந்தி எழுதியது:

நல்லூரான் அண்ணை, நீங்கள் சொன்ன கணக்கு எல்லாம் உண்மை. ஒண்டையும் நான் மறுக்கேல்லை. 95இல நீங்கள் நடந்ததைப் பிள்ளையளுக்குச் சொல்லுறியள்தானே? சொல்லத்தான் வேணும். அப்ப 90ஐ மட்டும் ஏன் மறைப்பான்?

நான் 2010இல திரும்பி வந்து எங்கட வீட்டைப் பாக்கப் போனன். கூரை இல்லை, யன்னல் இல்லை, நிலைக்கதவு கூட இல்லை. நடுவீட்டுக்குள்ள ஒரு வேப்பமரம். பக்கத்து ஒழுங்கையில ஒரு அம்மா, சைவ ஆள், என்னைக் கண்டிட்டு "நீ ஹமீதின்ட பெடியனோ?" எண்டு கேட்டவ. பிறகு உள்ள போய் ஒரு கிடாரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவ. எங்கட உம்மாட பிரியாணிக் கிடாரம். இருபது வருஷம் வைச்சிருந்திருக்கிறா. இடையில தானும் ரெண்டு தரம் இடம்பெயர்ந்தவ, வீட்டுக்குள்ள புதைச்சிட்டுப் போனதாம்.

தில்லையடித் தம்பி சொல்லுறதும் சரி. அந்தக் கிடாரத்தை மட்டும் சொல்லி வேப்பமரத்தைச் சொல்லாமல் விட ஏலாது.


கடற்கரைத்தெரு எழுதியது:

நான் கீழக்கரை. எப்பவாவது வந்து எட்டிப் பார்ப்பேன். உங்க ஊர்ச் சண்டையில நான் நுழையல, அஸீஸ் பற்றி ஒரு விஷயம் மட்டும்.

"அரபுத் தமிழ் எங்கள் அன்புத் தமிழ்" என்று அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கார். அரபுத் தமிழ் என்றால், மொழி தமிழ், எழுத்து மட்டும் அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அரபு எழுத்திலேயே புள்ளியும் குறியும் கூட்டிப் போட்டு எழுதுவாங்க. எங்க பாட்டிக்குத் தமிழ் நெடுங்கணக்கு தெரியாது, ஆனா அரபுத் தமிழ்க் கிதாபு சரளமா வாசிப்பாங்க. எங்க ஊர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் நிறைய எழுதினவர். இலங்கைக்கும் போக வர இருந்தவர். பாக்கு நீரிணையின் ரெண்டு கரையிலும் பெண்கள் தொழுகைச் சட்டம் படிச்சது அந்தக் கிதாபுகள்லதான்.

இங்கே பலரும் அதைப் பழைய சாமானாக நினைச்சு ஒதுக்கினப்ப, அது நம்ம அன்புத் தமிழ்னு சொன்ன மனுஷன் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அதுவும் கேம்பிரிட்ஜ் போய் வந்தவர்.


பழையசோக்கட்டி எழுதியது:

கீழக்கரை அன்பருக்கு நன்றி. அதே மரபின் யாழ்ப்பாண இழை ஒன்றும் இருக்கிறது. வண்ணார்பண்ணை அசனாலெப்பைப் புலவர் (1870–1918) பாடியது நவரத்தினத் திருப்புகழ். அருணகிரியார் முருகனுக்குக் கட்டிய சந்தத்தை எடுத்து இஸ்லாமியப் பொருளுக்கு வைத்திருக்கிறார். நல்லூர்த் தேரில் கேட்ட தாளம் காதில் இல்லாத ஒருவரால் அதைக் கட்ட முடியாது. அதற்கும் முன்பே பதுறுத்தீன் புலவர் முகியித்தீன் புராணம் பாடியிருக்கிறார். அஸீஸ் எங்கிருந்தோ விழுந்தவர் அல்லர், இந்த வளவில் முளைத்தவர்.


சந்தேகி எழுதியது:

எல்லாரும் மாலை போட்டாச்சு, நான் கொஞ்சம் கல்லெறியிறன். ஆங்கிலம் பேசின கொழும்பு மேட்டுக்குடி. சிவில் சேவிஸ், கேம்பிரிட்ஜ், 1952இல ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் குடுத்த செனட்டர் பதவி. சோனகதெருவில தையல்காரனுக்கும் இறைச்சிக் கடைக்காரனுக்கும் அவரால என்ன? யாழ்ப்பாணத்தில பிறந்தார், சரி, வேலை செய்தது முழுக்க வெளியில. அவரை இப்ப 'சர்வமதக் கல்வியாளர்' எண்டு கூப்பிடுறது நாங்கள் பிறகு ஒட்டின லேபிள்.


பழையசோக்கட்டி எழுதியது:

லேபிள் பிறகு ஒட்டியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. அவர் முஸ்லிம் கல்விக்கு உழைத்த மனிதர். 1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவையைத் தொடங்கியதும் தன் சமூகத்துக்காகவே.

மேட்டுக்குடி என்பதும் சரி. ஆனால் செனட்டர் பதவியைச் சொன்ன நீங்கள் அடுத்த நாலு வருடத்தை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற தனிச் சிங்களக் கொள்கைக்கு அந்தக் கட்சி மாறியபோது, 1956இல், கட்சியை விட்டு விலகினார். அப்போது கொழும்பில் ஒரு முஸ்லிம் தலைவருக்கு அது இலாபமான முடிவு அல்ல. தென்னிலங்கையில் சிதறி வாழும் சமூகம், பெரும்பான்மையோடு ஒத்துப் போனால்தான் பிழைக்கலாம் என்ற எண்ணம் பலமாக இருந்த நேரம். அந்த எண்ணத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. இவர் தமிழுக்காக நின்றார்.

தையல்காரனுக்கு என்ன என்று கேட்டீர்கள். கல்விச் சகாய நிதி தையல்காரனின் பிள்ளைக்குத்தான்.

இன்னொன்று. 'இலங்கையில் இஸ்லாம்' என்ற நூலை 1963இல் தமிழில் எழுதினார். சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதி வெளிநாட்டுக்காரரிடம் பெயர் வாங்கியிருக்கலாம். ஒரு சமயத்தின் வரலாற்றை மற்றச் சமயத்தவனும் வாசிக்கக்கூடிய தமிழில் எழுதி வைப்பது, என் கணக்கில், நாலு குத்துவிளக்கை விடப் பெரிய வேலை.


சந்தேகி எழுதியது:

1956ஐ நான் மறந்துதான் போனன். அந்தக் கல்லை எடுத்துக்கொள்ளுறன். மற்றக் கல் கிடக்கட்டும்.


தில்லையடி எழுதியது:

சோக்கட்டி சேர், நீங்க எழுதினதை உம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவங்களுக்கு அஸீஸைத் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல முதலாவது பட்டமளிப்பு விழாவில அவருக்குக் கலாநிதிப் பட்டம் குடுத்திச்சாம், மௌத்தாகி ஏழு வருஷம் கழிச்சு. தெருவில பெரிய சந்தோஷமாம், அவங்க மாமா எல்லாருக்கும் சர்பத் ஊத்தினவராம்.

அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு அதே தெரு. அவ்வளவுதான், வேறொண்டும் சொல்லல்ல.


நல்லூரான் எழுதியது:

தம்பி, நான் அண்டைக்கு எழுதினது கொஞ்சம் சுடச்சுட வந்திட்டுது. உங்கட அம்மா எந்தப் பள்ளிக்கூடம்? கதீஜாவோ? கேட்டது ஏனெண்டா என்ட மனுசி அந்தப் பக்கம் ரியூசன் குடுத்தவ, 88, 89இல. பேரைத் தனிமடலில அனுப்புங்கோ.


கனடாக்காகம் எழுதியது:

ரீச்சரைக் காணேல்லை. பயந்திட்டாவோ?


வண்ணைரீச்சர் எழுதியது:

பயப்பிடேல்லை, தவணைப் பரீட்சை. விழா நேற்று முடிஞ்சுது. நடந்ததைச் சொல்லுறன்.

பேச்சை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லிச்சினம். குடுத்தன். ஒழுங்கு செய்தவையில ஒருத்தர் சிவப்புப் பேனையால கடைசிப் பந்தியைச் சுத்திப் போட்டு, "இது தேவையோ ரீச்சர்?" எண்டு கேட்டார். தேவை எண்டன். அவர் பேசாமல் போயிட்டார். வேண்டாம் எண்டும் சொல்லேல்லை, சரி எண்டும் சொல்லேல்லை.

வைத்தீஸ்வராவில இருந்து தொடங்கி, சிவில் சேவிசை விட்டதைச் சொன்னன். பெடியள் சிரிச்சு எழும்பினது அதுக்குத்தான், காகம் சொன்னது சரி. சிவத்தம்பியைச் சொன்னன். திருப்புகழ் சந்தத்தை மேசையில தட்டிக் காட்டினன். 1980ஐச் சொன்னன், சர்பத்தையும் சொன்னன் (உங்கட அம்மா பேர் சொல்லேல்லை, தில்லையடித் தம்பி). கடைசியா, "பத்து வருஷத்துக்குப் பிறகு அந்தத் தெருவில இருந்த எல்லாரையும் ரெண்டு மணித்தியாலத்தில வெளியேத்தினவை" எண்டு ஒரு வசனம். அதோட இறங்கிட்டன்.

கை தட்டு வரேல்லை. மண்டபம் அப்பிடியே இருந்தது. முன்வரிசையில மௌலவி நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தார். பிறகு நிகழ்ச்சி நடத்தினவர் அவசரமா "அடுத்து நடனம்" எண்டார்.

இண்டைக்குக் காலமை அந்தப் பின்வாங்குக்காரன், பாகிஸ்தான் போலிங்காரன், வந்து கேட்டான்: "ரீச்சர், சோனகதெரு எங்க இருக்கு?" அவன்ட வீட்டில இருந்து ஒரு கிலோமீற்றர் இருக்காது. ஒவ்வொரு நாளும் அதால ரியூசனுக்குப் போறவன். தெருவுக்குப் பேர் தெரியாது, ஆர் இருந்தவை எண்டு தெரியாது.

ஐஞ்சுசந்தி நானா, சனிக்கிழமை ஒரு பதினைஞ்சு பேரைக் கூட்டிக்கொண்டு வரலாமோ? பள்ளிவாசலும், அந்த வேப்பமரம் நிண்ட வீடும் பாக்கோணும் எண்டு கேக்கினம்.


ஐஞ்சுசந்தி எழுதியது:

தாராளமா வாங்கோ ரீச்சர். வேப்பமரத்தை வெட்டிட்டன், அடி மட்டும் இருக்கு. அதில இருந்துதான் நான் பேப்பர் வாசிக்கிறது. ளுஹர் தொழுகை முடிய வந்தா மோதினாரும் இருப்பார், உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். மத்தியானச் சாப்பாடு எங்கட வீட்டில. உம்மாட கிடாரத்தில பிரியாணி போடுவம்.


வண்ணைரீச்சர் எழுதியது:

நானா, அண்டைக்குப் புரட்டாதிச் சனி. பாதிப் பேர் விரதம்.


ஐஞ்சுசந்தி எழுதியது:

அட, மறந்துபோனன். அப்ப எல்லாருக்கும் மரக்கறி. புதுச் சட்டி வாங்கிறன். எத்தனை பேர் எண்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாச் சொல்லுங்கோ.